ரத்தம் எங்கே போகிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அரசு மருத்துவமனை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் ஆரோக்கியமும்". அது பெரிய கடல். நான் அதில் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேசப்போறேன். அதன் பேரை உங்களில் பலர் கேட்டிருக்கவே மாட்டீங்க. ஜிஸ்ட் என்று சொல்லுவாங்க. இரைப்பை, குடல் இவற்றின் சுவரிலிருந்து கிளம்புகிற ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி. அபூர்வமான நோய்தான். பத்து லட்சம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு வருஷத்துக்கு 10 முதல் 15 பேருக்கு வரும் என்று பல நாட்டுக் கணக்கு சொல்லுது. அப்படி அபூர்வமானதை ஏன் இங்கே கொண்டுவந்து பேசுறேன்னா, அது எங்க வீட்டுக்குள்ளேயே வந்தது. 31 வருஷம் சர்ஜரி வார்டில் வேலை பார்த்த நான், ஒன்றரை வருஷமா அதைப் பக்கத்திலேயே வச்சுக்கிட்டு கண்டுபிடிக்கலை.

என் வீட்டுக்காரரோட அக்கா. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்காங்க. சொல்லட்டுமான்னு கேட்டேன். "பேரை மட்டும் விட்டுடு, மத்ததை எல்லாம் சொல்லு"ன்னாங்க.

அப்போ அவங்களுக்கு வயசு 48. மாடு ரெண்டு, கொஞ்சம் கொல்லை, குழுவில் பொருளாளர் பொறுப்பு. முதலில் படி ஏறினா மூச்சு வாங்குதுன்னாங்க. அப்புறம் புல்லுக்கட்டு தூக்க முடியலை. முகம் வெளுத்துப் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தப்போ ஹீமோகுளோபின் 8. மாதவிடாய் நிக்கிற வயசு, கொஞ்சம் அதிகமா போகத்தான் செய்யும், அதான் ரத்தம் குறையுதுன்னு எல்லாரும் முடிவு கட்டினோம். எல்லாரும்னு சொல்றதில் நானும் சேர்த்தி. இரும்புச்சத்து மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்தேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், ஒண்ணு பாக்கியில்லை. ரெண்டு மாசத்தில் 9 ஆகும், அடுத்த மாசம் 7 ஆகும். ஏறும், இறங்கும்.

நம்ம நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது. பாதிக்கு மேல. பாதிப் பேருக்கு ஒரு நோய் இருந்தா அது நோயாவே தெரியாது, பெண்ணா பிறந்தா அப்படித்தான்னு ஆகிடும். எங்க வீட்டில் ஆனது அதுதான். ஒரு ஆம்பிளைக்கு ஹீமோகுளோபின் 8 ஆனா, "ரத்தம் எங்கே போகுது?"ன்னு டாக்டர் முதல் கேள்வியா கேட்பார். பொம்பிளைக்கு ஆனா, "கீரை சாப்பிடும்மா"ன்னு சொல்லி அனுப்புவாங்க.

நடுவில் ஒரு இடத்தில் வயித்தை ஸ்கேன் பண்ணி, கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாகிடும்னு ஆபரேஷனுக்கு நாளே குறிச்சாங்க. முன்பணம் கட்ட வேண்டிய வாரத்தில்தான் குழுக் கூட்டம். சேமிப்புப் பணத்தை எண்ணிக்கிட்டே இருந்த அண்ணி, நோட்டு கையில் இருக்க அப்படியே சாஞ்சுட்டாங்க. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 5.8.

அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சின்னப்பொண்ணு, டாக்டருக்குப் படிச்சு முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, கேட்டுச்சு: "அம்மா, மலம் என்ன நிறத்தில் போகுது?" ஒன்றரை வருஷத்தில் அதை யாருமே கேட்கலை. கறுப்பாத்தான் போகுதுன்னு அண்ணி சொன்னாங்க. இரும்பு மாத்திரை போட்டா கறுப்பாத்தானே போகும்னு நான் குறுக்கே புகுந்து பதில் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துட்டு, "சரி சிஸ்டர், மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம்"னுச்சு. நிறுத்தி நாலஞ்சு நாள் ஆகியும் கறுப்பு மாறலை.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், கூச்சப்படாம கேளுங்க. இரும்பு மாத்திரை சாப்பிட்டா மலம் கரும்பச்சையா, கறுப்பா போறது சாதாரணம்தான். பயப்பட வேண்டாம், அதுக்காக மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஆனா இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிஞ்சா, அது செரிச்சு வெளியே வரும்போது தார் மாதிரி பளபளன்னு, ஒட்டுற பதத்தில், ஒரு தனி நாற்றத்தோட இருக்கும். தண்ணி ஊத்தினா சீக்கிரம் போகாது. மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கு இப்படிப் போனா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது மறைஞ்சு போயிடும். எங்க வீட்டில் மறைச்சது நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை.

எண்டோஸ்கோபி பண்ணினாங்க. வாய் வழியா குழாய் விட்டு இரைப்பைக்குள்ள பார்க்கிறது. உள்ளே மேடு மாதிரி ஒரு கட்டி, அதன் உச்சியில் சின்னப் புண், அதிலிருந்து ரத்தம் கசியுது. மேலாப்பில் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினதில் "ஒண்ணுமில்லை"ன்னு வந்தது. நாங்க சந்தோஷப்பட்டோம். டாக்டரம்மா சந்தோஷப்படலை. இந்த வகைக் கட்டி இரைப்பையின் உள்தோலில் வர்றதில்லை, அதுக்கு அடியில் இருக்கிற தசைச் சுவரில் வருது, மேலே கிள்ளினா நல்ல தோல்தான் கிடைக்கும்னாங்க. சி.டி. ஸ்கேனில்தான் முழு உருவம் தெரிஞ்சது. 8 சென்டிமீட்டர், பெரிய மாதுளம்பழம் அளவு. இரைப்பைக்கு வெளிப்பக்கமா வளர்ந்திருந்தது. அதனால்தான் சாப்பாடு இறங்குறதில் தடையே இல்லை, வலியும் இல்லை.

இந்த நோயின் குணமே அதுதான். பத்தில் ஆறு இரைப்பையில் வரும், மூணு சிறுகுடலில் வரும், மிச்சம் மலக்குடல் மாதிரி இடங்களில். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயசுக்காரங்களுக்கு. ஆண், பெண் ரெண்டு பேருக்கும் வரும். ரத்தக் கசிவு, அதனால் வர்ற சோகை, மேல்வயிற்றில் ஒரு கனம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கிறது, சிலருக்குக் கையில் தட்டுப்படுற கட்டி. இதில் எதுவுமே இல்லாம, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரிஞ்சவங்களும் உண்டு. தொட்டா ஒட்டாது. குடும்பத்தில் வழிவழியா வர்றது ரொம்ப அபூர்வம்.

ஒண்ணு இங்கே சொல்லியே ஆகணும். வயித்தில் கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா, குடலேற்றம்னு எண்ணெய் போட்டு வழிச்சு விடக் கூட்டிட்டுப் போகாதீங்க. இந்தக் கட்டி மிருதுவானது, மேலே மெல்லிசா ஒரு உறைதான் இருக்கும். உடைஞ்சா அதன் துளிகள் வயிறு முழுக்க விதைச்ச மாதிரி ஆகிடும். ஆபரேஷனில் சர்ஜனே அதை முட்டையைத் தூக்கிற மாதிரித்தான் தூக்குவாங்க. நான் எத்தனையோ ஆபரேஷன் பார்த்திருக்கேன், அந்தக் கட்டியை வெளியே எடுக்கும்போது தியேட்டரில் யாரும் பேச மாட்டாங்க.

அண்ணிக்கு முதலில் ரத்தம் ஏத்தி, அப்புறம் ஆபரேஷன். முழு இரைப்பையையும் எடுக்கலை, கட்டியோட சேர்ந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தைச்சாங்க. இந்த நோய் பெரும்பாலும் நெறிக்கட்டிகளுக்குப் பரவுறதில்லை, அதனால் அகலமா வெட்ட வேண்டியதில்லை. பத்தாம் நாள் கஞ்சி குடிச்சுட்டு வீட்டுக்கு வந்தாங்க. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆன செலவு, பஸ், சாப்பாடு, கூட இருக்கிறவங்க கூலி, அதுக்குக் குழுவில் உள்கடன் 15,000 ரூபாய். அந்தத் தீர்மானம் போடுறப்போ ஒருத்தர், "புத்துநோய்க்காரிக்குக் கொடுத்தா யாரு திருப்பிக் கட்டுறது?"ன்னு கேட்டாங்க. கேட்டவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது பொதுப்பணம். ஆனா கையெழுத்துப் போட்ட மத்த பதினோரு பேரையும் நான் மறக்க மாட்டேன்.

எடுத்த கட்டியைப் பரிசோதிச்சு ரெண்டு விஷயம் பார்ப்பாங்க: எவ்வளவு பெரிசு, அதன் செல்கள் எவ்வளவு வேகமா பிரியுது. அதோட எந்த இடத்தில் இருந்தது, உடைஞ்சதா இல்லையா என்பதும் சேரும். ரெண்டு சென்டிமீட்டர் அளவில் இரைப்பையில் இருக்கிற கட்டி பெரும்பாலும் சாது. அண்ணியோடது பெரிசு, வேகமும் அதிகம். திரும்பி வர வாய்ப்பு அதிகம்னு சொல்லி, இமாட்டினிப் என்கிற மாத்திரை, தினம் 400 மில்லிகிராம், மூணு வருஷம் சாப்பிடணும்னு எழுதிக் கொடுத்தாங்க.

இந்த மாத்திரையோட கதையைச் சொல்லாம இருக்க முடியலை. நம்ம குடல் தானா அசைஞ்சு சாப்பாட்டைத் தள்ளுதில்லையா, அந்த அசைவுக்குத் தாளம் போடுற செல்கள் சுவருக்குள்ள இருக்கு. காஹால் என்கிற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கண்டு சொன்னதால் அவர் பேரில் வழங்குது. அந்தச் செல்களோட இனத்தில்தான் இந்தக் கட்டி பிறக்குது. 1998-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. செல்லின் மேலே கிட் என்று ஒரு சுவிட்ச். தேவைப்பட்டாத்தான் அது ஆன் ஆகணும். கோளாறு வந்தா, நம்ம தோட்டத்து மோட்டார் சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கிட்ட மாதிரி, நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். செல் பெருகிக்கிட்டே போகும்.

அதுவரைக்கும் ஆபரேஷன் பண்ண முடியாம பரவிட்டவங்களுக்கு மருந்தே இல்லைன்னு வச்சுக்குங்க. வழக்கமான கீமோ ஊசி பத்தில் ஒருத்தருக்குக்கூடக் கேட்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி வந்தவங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாண்டுறதே கஷ்டம். 2000-ஆம் வருஷம் மார்ச் மாதம், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில், ஒரு பெண்ணுக்கு ஈரல் வரைக்கும் பரவி, கொடுத்த மருந்தெல்லாம் தோத்துப் போச்சு. ரத்தப் புற்றுநோய்க்காகப் பரிசோதனையில் இருந்த இமாட்டினிப், இந்தச் சுவிட்சையும் அடைக்குதுன்னு தெரிஞ்சு, டாக்டர் ஹெய்க்கி யோயன்சூவும் கூட இருந்தவங்களும் அவருக்குத் தினம் நாலு கேப்சூல் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரே மாசத்தில் ஸ்கேனில் கட்டிகள் அடங்கிப் போயிருந்தது. உலகத்தில் இந்த நோய்க்கு அந்த மாத்திரையை முதலில் விழுங்கினது ஒரு பொம்பிளை. அப்புறம் பரவின நோயோட இருந்த 147 பேருக்குக் கொடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க. பாதிக்கு மேல் ஆட்களுக்குக் கட்டி நல்லா சுருங்கிச்சு, இன்னும் கால்வாசிக்கு மேல் ஆட்களுக்கு வளராம நின்னுது. பாதிப் பேர் 57 மாசத்துக்கு மேல் உயிரோட இருந்தாங்க. ஒன்றரை வருஷம் எங்கே, கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் எங்கே.

மருந்து வந்ததே, நம்ம கைக்கு எட்டணுமே? இதில் நம்ம சென்னைக்கும் பங்கு இருக்கு. நோவார்ட்டிஸ் என்கிற சுவிட்சர்லாந்துக் கம்பெனி, இந்த மாத்திரையின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பம் போட்டது. அது கிடைச்சிருந்தா வேற யாரும் செய்து விற்க முடியாது. கம்பெனி விலை மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம்ம நாட்டுக் கம்பெனிகள் செய்து விற்றது சுமார் 8,000 ரூபாய். புற்றுநோயாளிகளுக்காக உழைக்கிற ஒரு மும்பைச் சங்கமும் எதிர்த்து நின்னுது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி விடலை, உயர் நீதிமன்றம், மேல்முறையீடுன்னு போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு உச்ச நீதிமன்றமும் கொடுக்க முடியாதுன்னு தீர்ப்புச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த ரெண்டு நீதிபதிகளில் ஒருத்தர் ரஞ்சனா தேசாய், ஒரு பெண். அண்ணி இன்னிக்கு விழுங்குற மாத்திரைக்குப் பின்னாடி இவ்வளவு வழக்கு இருக்கு.

அவ்வளவு பாடுபட்டுக் கைக்கு வந்த மாத்திரையை அண்ணி 14-ஆம் மாசம் நிறுத்திட்டாங்க.

எங்க யாருக்கும் தெரியாது. அவங்க காரணத்தையும் நியாயமா சொல்லணும். காலையில் எழுந்தா கண்ணைச் சுத்தி வீக்கம். "என்னக்கா, அழுதியா, வீட்டில் சண்டையா?"ன்னு பார்க்கிறவங்க எல்லாம் கேட்பாங்க. ராத்திரியில் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். குமட்டல். மாத்திரை வாங்கப் போகிற நாள் பால் கறக்க ஆள் தேடணும். இத்தனைக்கும் உடம்பில் ஒரு குறையும் தெரியலை, ஹீமோகுளோபின் 12-க்கு வந்தாச்சு, ஸ்கேன் சுத்தம். நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மாத்திரைன்னு தோணிடுச்சு. எனக்கு இருந்தாலும் தோணியிருக்கும்.

கண்டுபிடிச்சது குழுச் செயலாளர். முதல் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி போகணும்னு அண்ணி வழக்கமா கூட்டத்துக்கு லீவு சொல்லுவாங்க. அஞ்சாறு மாசமா லீவே கேட்காம எல்லாக் கூட்டத்துக்கும் வந்துட்டாங்க. வருகைப் பதிவேட்டைப் புரட்டினப்போ செயலாளருக்குச் சந்தேகம் வந்து என்கிட்ட சொன்னாங்க. கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தா, ஈரலில் மூணு இடத்தில் வந்திருக்கு.

மூணு வருஷம்னு டாக்டர் சொல்றது சும்மா இல்லை. பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி நாடுகளில், அண்ணி மாதிரி திரும்பி வர வாய்ப்பு அதிகமா இருந்த 400 பேரை ரெண்டு பங்காப் பிரிச்சாங்க. ஒரு பங்குக்கு ஒரு வருஷம் மாத்திரை, இன்னொரு பங்குக்கு மூணு வருஷம். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா, நோய் திரும்பாம இருந்தவங்க ஒரு வருஷக் கூட்டத்தில் நூற்றுக்கு 48, மூணு வருஷக் கூட்டத்தில் நூற்றுக்கு 66. உயிரோட இருந்தவங்க 82, 92. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் 65, 79. அதாவது நூறு பேரில் பதினாலு உயிர், ரெண்டு வருஷ மாத்திரையில் இருக்கு.

நமக்குத் தெரிஞ்ச பாஷையில் சொல்றேன். வங்கிக் கடனை 36 தவணை கட்டணும்னா, 14 தவணை கட்டிட்டு மாடு நல்லா பால் கறக்குதுன்னு நிறுத்துவோமா? சுவிட்சை அடைச்சு வச்சிருக்கிறது மாத்திரைதான். செல்கள் எல்லாம் செத்துப் போயிடலை, சிலது தூங்குது.

அண்ணிக்கு மறுபடி அதே மாத்திரையை ஆரம்பிச்சாங்க. நிறுத்தினதால் வந்ததே தவிர, மாத்திரைக்கு எதிர்ப்பு வந்து வரலைங்கிறதால் கேட்டுச்சு. ஈரலில் இருந்தது சுருங்கி அப்படியே நின்னுடுச்சு. இப்போ ஏழு வருஷம் ஆகுது. ஆனா முன்னே மூணு வருஷத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய மாத்திரை, இப்போ அது கேட்கிற வரைக்கும், ஆயுசுக்கும். எல்லாருக்கும் இப்படி அமையாது, அதையும் சொல்லிடறேன். சிலருக்கு ரெண்டு வருஷத்தில் மாத்திரை வேலை செய்யாம போகும். அப்போ சுனிட்டினிப், ரெகோராஃபெனிப்னு அடுத்தடுத்த மாத்திரைகள் இருக்கு. விலையும் பக்க விளைவும் கூடுதல், பலன் குறைவு. சில வகை மரபணுக் கோளாறுக்கு இமாட்டினிப் ஆரம்பத்திலிருந்தே கேட்காது, அதனால்தான் மரபணுப் பரிசோதனை பண்ணச் சொல்லுவாங்க.

பக்க விளைவுக்கு வழி இருக்கு. சாப்பாட்டோட, ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட சாப்பிட்டா குமட்டல் பாதி குறையும். கால் வீக்கம், எடை ஏறுறது, தோலில் தடிப்பு இதெல்லாம் வந்தா டாக்டர்கிட்ட சொன்னா சரிபண்ணுவாங்க. சொல்லாம நிறுத்துறதுதான் ஆபத்து. காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சொல்லிடணும், சிலது இதன் வேகத்தைக் குறைச்சிடும். சின்ன வயசுப் பெண்கள் இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் ஆகக்கூடாது, கருவைப் பாதிக்கும். இதை மாமியார் முன்னாடி கேட்க முடியலைன்னா தனியா நர்ஸ்கிட்ட கேளுங்க.

இவ்வளவு கேட்டுட்டு, ரத்தம் குறைஞ்சவங்க எல்லாம் எனக்கும் அந்தக் கட்டி இருக்குமோன்னு தூங்காம இருக்க வேண்டாம். சோகைக்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு, மாதவிடாய், குடல்புழு இப்படித்தான் இருக்கும். நான் சொல்றது, இரும்பு மாத்திரையை ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டும் ஏறாதவங்க, ஏறி மறுபடி இறங்குறவங்க, மாதவிடாய் நின்ன பிறகு சோகை வந்தவங்க, இவங்களைப் பத்தி. டாக்டர் கேட்கலைன்னா நீங்க கேளுங்க: "என் ரத்தம் எங்கே போகுது?" மலத்தின் நிறத்தை அவங்க கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னா, அதுதான் காரணம்னு எப்படித் தெரியும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சம்மதம் கொடுங்க.

எங்க குழுவில் இப்போ ஒரு பழக்கம் இருக்கு. மாசாமாசம் முதல் கூட்டத்தில் அண்ணி பாஸ்புக்கை வைக்கும்போது, காலியான மாத்திரை அட்டைகளையும் கூட வைப்பாங்க. செயலாளர் எண்ணிப் பார்த்துட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவாங்க. அன்னிக்கு "யாரு திருப்பிக் கட்டுறது?"ன்னு கேட்டாங்களே, அவங்கதான் இப்போ முதல் செவ்வாய்க்கிழமைகளில் வந்து பால் கறந்து கொடுக்கிறவங்க. அந்த 15,000 ரூபாய் கடன் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு.

பந்தல் ஓரத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ரெண்டு செவிலியர் மேஜை போட்டு ஹீமோகுளோபின் பார்க்கிறாங்க. ஒரு துளி ரத்தம்தான், வலிக்காது. சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கு. போய் விரலை நீட்டிட்டு, சீட்டில் எழுதிக் கொடுக்கிற எண்ணைப் பத்திரமா வச்சுக்குங்க. போன தடவை பார்த்த எண் ஞாபகம் இருக்கிறவங்க அதையும் அவங்ககிட்ட சொல்லுங்க.